மூன்று காலால் மினுக்கிய நிலம்

சிலாவத்தை அல்பேர்ட் ஒற்றைக் காலோடு, தன் பெண்சாதி புனிதத்தைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு வருடம் ஒரு சனிக்கிழமை தவறாமல் வீட்டு நிலத்தில் பைலா ஆடினார். ஆட ஆட நிலம் மினுங்கியது. அந்த மினுக்கத்தைப் பார்த்து, கடலில் நின்ற படகுக்காரர் விடிந்துவிட்டதாக்கும் என்று வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். முகட்டில் ஓடிய பல்லி கீழே இன்னொரு பல்லியைக் கண்டு, இணை கிடைத்தது என்று குதித்து வாலை முறித்துக்கொண்டது. வீடு மந்திரிக்க வந்த பங்குச் சுவாமி வாசலிலேயே செருப்பைக் கழற்றி, பிறகு யோசித்து, மூக்குக்கண்ணாடியையும் கழற்றினார்.

அல்பேர்ட் இதைச் சொல்லும்போதெல்லாம் ஊர் தலையாட்டியது. கால் போன மனிசன், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று ஆட்டிய தலைகள் அவை. ஒரே ஒருத்திதான் முகத்துக்கு நேரே சிரித்தாள். அவள் புனிதத்தின் தமக்கை கலிஸ்ரா.

“படகு வந்ததைக்கூட நம்புவன். என்ர தங்கச்சி ஆடினவள் எண்டு மட்டும் சொல்லாதையும். தன்ர கலியாணவீட்டிலையே கதிரையை விட்டு எழும்பாதவள்.”

நிலம் ஒன்றும் அரண்மனை நிலமில்லை. சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. முன் ஹோலுக்குச் சிவப்புச் சாயம் கலந்த சீமெந்து பூசியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் புனிதத்துக்கு அதுவே தங்கத்தட்டு. கோவிலில் எரிந்து முடிந்த மெழுகுதிரிக் கட்டைகளைப் பொறுக்கி வருவாள். உருக்குவாள். அடுப்பிலிருந்து இறக்கித் தள்ளி வைத்து மண்ணெண்ணெய் கலப்பாள். அதை நிலத்தில் பூசி, காயவிட்டு, நார்ப் பொச்சோடு பாதியாய் வெட்டிய தேங்காய்க்கட்டையால் தேய்த்தால் மினுக்கம் வரும்.

தேய்ப்பதுதான் பாடு. புனிதத்துக்குக் குனிய ஏலாது, முதுகு விடாது. அல்பேர்ட்டுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, மிதிவெடி கொண்டுபோய்விட்டது. குனிய முடியாதவளும் நிற்க முடியாதவரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். அவர் பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு அவளுடைய இரண்டு தோளிலும் கை போடுவார். இருக்கிற காலைத் தேங்காய்க்கட்டையின் மேல் வைப்பார். அவள் பின்பக்கமாக நடக்க, அவர் வழுக்கிக்கொண்டே போவார். ரேடியோவில் பைலா போகும். புனிதத்துக்கு வெட்கம். அதனால் கதவு சாத்தியிருக்கும். ஆகவே கண்டவர் ஒருவருமில்லை.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை புனிதத்துக்கு நெஞ்சு நொந்தது. ஓட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, கதவு மூலை போன கிழமையும் விடுபட்டுப் போச்சு. வந்து செய்வம்.”

பெட்டியில்தான் வந்தாள்.

பெட்டியை முன் ஹோலில் வைத்தார்கள். ஊர்ச்சனம் முழுவதும் கடற்கரை மணலோடு அந்த நிலத்தில் நடந்தது. அல்பேர்ட் ஒருவரையும் தடுக்கவில்லை. கோழி ஏறினாலே கத்துகிற மனிசன், தலைமாட்டில் இருந்து, நிலம் மங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முப்பதாம் நாள் வந்தது. மறுநாள் முப்பத்தொராம் நாள் பூசை. விறாந்தையில், நிலத்தில் பதிக்கிற வழுக்காத மாபிள் பெட்டிகள் முகடு வரைக்கும் அடுக்கியிருந்தன. அப்பா வழுக்கி விழுந்துவிடுவார் என்ற பயத்தில், வவுனியாவில் இருக்கும் மகள் தயாளினி அனுப்பியவை. திங்கட்கிழமை மேசன் வருவதற்கு ஒழுங்கு செய்தது கலிஸ்ரா. தாய் இல்லாத பிள்ளைக்கு இனிப் பெரியம்மா சொல்வதுதான் சட்டம்.

காலையில் அல்பேர்ட் ஹோல் நடுவில் எப்போதும் கிடக்கும் மேசையைச் சுவரோடு தள்ளினார். புனிதத்தின் படத்துக்கு முன்னால் முப்பது நாளாக எரிந்து வடிந்த மெழுகையெல்லாம் கரண்டியால் சுரண்டி எடுத்து உருக்கினார். பூசிக் காயவிட்டார். பிடிக்கத் தோள் இல்லாததால் பொய்க்காலைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டையில் ஏறினார்.

கதிரை குசினிப் பக்கம் போனது. பொய்க்கால் வாசற்பக்கம் போனது. அல்பேர்ட் மேசைக்குக் கீழே போனார்.

நாளைய சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கலிஸ்ரா கத்தியோடு ஓடிவந்தாள்.

“என்ன காணும் செய்யிறீர்? உம்மையும் பெட்டியிலை வைக்கவோ?”

“நாளைக்குச் சனம் வரேக்கை நிலம் மினுங்கவேணும் மச்சாள்.”

“திங்கக்கிழமை மாபிளுக்குக் கீழை போற நிலத்துக்கு என்ன மினுக்கம்?”

“அதுதான் மச்சாள். புனிதம் ஆடின இடமும் சேர்ந்து கீழை போயிடும்.”

கலிஸ்ரா கத்தியை மேசையில் வைத்தாள். வெங்காயக் கண்ணீரோ வேறு கண்ணீரோ, புறங்கையால் துடைத்தாள்.

“அவள் ஆடேல்லை. உம்மை இழுத்தவள். பன்னிரண்டு வரியம் உம்மட பாரத்தை இழுத்து இழுத்துத்தான் அவளுக்கு நெஞ்சு போனது. அதுக்குப் பைலா எண்டு பேர் வைச்சு ஊரெல்லாம் சொல்லித் திரியிறீர்.”

எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் அது. ஒருமுறை கடற்படைக் கப்பலையே தன் தூண்டிலில் கொழுவி இழுத்ததாகச் சொன்ன வாய்.

அல்பேர்ட் மேசைக்குக் கீழேயே இருந்து யோசித்தார். முதுகு நோகுது என்று அவள் சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டு சொன்னாளா? சிரித்துக்கொண்டுதான் சொன்னதாக ஞாபகம். ஆனால் அந்த ஞாபகத்தை எப்படி நம்புவது? ஒரு முழ மீனைப் பன்னிரண்டு முழமாக்கிய அதே தலைக்குள்தான் அதுவும் கிடந்தது. ஒருவேளை அவள் பேசாமல் இழுத்தாளோ? பைலாவைத் தான்தான் பிறகு சேர்த்துக்கொண்டேனோ? கேட்பதற்கு அவள் இல்லை.

“ஒருக்காப் பிடியுங்கோ மச்சாள்,” என்றார் கடைசியில். “நாளைக்கு மட்டும். பிறகு மாபிளைப் பதியுங்கோ, நான் வாய் திறக்கமாட்டன்.”

அல்பேர்ட் வாய் திறக்கமாட்டேன் என்று சொன்னதை அவள் முதன்முதலாகக் கேட்டாள். அதற்காகவே இரங்கியிருக்கவேண்டும். தோளைக் கொடுத்தாள்.

துக்கவீட்டில் பைலா போட முடியாது. கலிஸ்ரா ஜெபமாலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு ‘அருள் நிறைந்த மரியே’க்கும் ஓரடி பின்னால் வைத்தாள். அல்பேர்ட் ஒற்றைக் காலில் வழுக்கினார். சுவரோரம் முடிந்தது. ஜன்னலடி முடிந்தது. இருபதாவது மணியில், மேசை கிடந்த நடு இடத்துக்கு வந்தார்கள். அங்கே திடீரென்று அல்பேர்ட் ஒரு பக்கமாகத் திரும்பினார்.

“ஏன் காணும் சுத்திறீர்?”

“நான் சுத்தேல்லை மச்சாள். கால் சுத்துது.”

“விசர்க்கதை.”

திரும்பவும் நேராகப் போனார்கள். வண்டில் சில்லு பழைய தடத்தில் விழுந்த மாதிரி, தேங்காய்க்கட்டை மறுபடியும் வளைந்தது. கலிஸ்ரா ஜெபத்தைப் பாதியில் விட்டாள். அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, போய் முன்கதவை அகலத் திறந்தாள். கடற்பக்கத்து வெயில் ஹோலுக்குள் படுத்தது.

அப்போதுதான் தெரிந்தது. புது மினுக்கத்தில், நிலத்தின் நடுவே ஒரு வட்டம். தேங்காய்க்கட்டை போய்ப் போய்ச் சிவப்புத் தேய்ந்து வெளிறிய வட்டம். அதன் நடுவில் சின்னச் சிரட்டையளவு பள்ளம், ஒரே இடத்தில் குதிக்கால் ஊன்றித் திரும்பித் திரும்பிக் குழிந்தது. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அதன்மேல் மேசையை இழுத்து மூடியிருக்கிறாள் புனிதம், வெட்கம் கெட்ட வெட்கக்காரி.

கலிஸ்ரா தன் குதிக்காலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். அது பொருந்தியது. அவளைக் கேளாமலே உடம்பு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

“நிலம் மினுக்கிறவள் நேரை நடப்பாள்,” என்றாள் மெதுவாக.

“ஓம்.”

“மூலை மூலையாப் போவாள். நடுவிலை நிண்டு சுத்தமாட்டாள்.”

“ஓம் மச்சாள்.”

கலிஸ்ரா கதவு மூலையைப் பார்த்தாள். அது மட்டும் அழுக்குச் சிவப்பாய், பன்னிரண்டு வருடத்து மெழுகைக் காணாமல் கிடந்தது. “அப்ப, அங்கை போறதுக்கிடையிலை ஒவ்வொரு கிழமையும் பாட்டு முடிஞ்சிட்டுது, என்ன?”

அல்பேர்ட் தலையாட்டினார். முப்பது நாளாக அழாத மனிசன் இப்போது அழுதார், சின்னப்பிள்ளை மாதிரி, மூக்கு வழிய, கணக்கு வழக்கில்லாமல். இதில் நான் ஒரு சொட்டும் கூட்டவில்லை.

கலிஸ்ரா தேங்காய்க்கட்டையை எடுத்துக்கொண்டு கதவு மூலைக்குப் போனாள்.

“வேண்டாம் மச்சாள்,” என்றார் அவர். “அதை விடுங்கோ. வந்து செய்வம் எண்டவ.”

அவள் கட்டையைக் கீழே வைத்தாள்.

போன் அடித்தது. தயாளினி. திங்கட்கிழமை மேசன் எத்தனை மணிக்கு வருகிறான் என்று கேட்டாள்.

“மேசன் வேண்டாம் பிள்ளை. மாபிளைக் கடைக்குத் திருப்பி அனுப்பு.” கலிஸ்ராவின் குதிக்கால் திரும்பவும் அந்தப் பள்ளத்தில் போய் நின்றது. நீங்களும் அப்பாவின் பைலாக் கதையை நம்பிவிட்டீர்களா என்று அந்தப் பக்கம் கேட்டது.

“ஓம் பிள்ளை. கொப்பர் சொன்னது பொய்யில்லை. கொம்மா ஆடினவ.”