பல்லி சொன்னால்தான் அட்வான்ஸ்

சாமியப்பனின் பனியன் கம்பெனியில் அவர்தான் முதலாளி என்று போர்டில் எழுதியிருந்தது. உண்மையான முதலாளி, முருகன் காலண்டருக்குப் பின்னால் குடியிருந்த பல்லி. நூல் வாங்கலாமா, ஆர்டர் எடுக்கலாமா, எல்லாம் அதைக் கேட்டுத்தான். கேள்வியை மனதில் நினைத்துக்கொண்டு நிற்பார். பல்லி கத்தினால் சம்மதம். ஒருமுறை அதைக் கேட்காமல் வாங்கிய பழைய மிஷின் தினமும் ஊசியை உடைத்துத் தள்ளியது. அன்றிலிருந்து பல்லிக்கு மரியாதை கூடிவிட்டது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். மிஷின்கள் ஓடும்போது பல்லி என்ன, யானை கத்தினாலும் கேட்காது. அதனால் கரண்ட் போனால்தான் கம்பெனியில் முடிவு எடுக்க முடியும். அது இரண்டாயிரத்து எட்டு. ஊரே மின்வெட்டைத் திட்டித் தீர்த்தது; இந்த மனுஷன் மட்டும் கரண்ட் போனதும் சட்டையைச் சரிசெய்துகொண்டு காலண்டர் முன்னால் போய் நிற்பார்.

இப்போது பல்லியிடம் இருந்த கேள்வி, மகள் கலைமகளின் காலேஜ் அட்வான்ஸ். கோயமுத்தூர் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. பணம் கட்டினால்தான் இடம் நிற்கும். கட்டியது திரும்பி வராது. உள்ளூர்க் காலேஜ் லிஸ்ட் அடுத்த வாரம்தான் வரும். அதில் பெயர் வந்துவிட்டால் கட்டிய பணம் வீண் என்று சாமியப்பன் நாளைக் கடத்தினார். பல்லியும் வாயைத் திறக்கவில்லை. கலைமகளுக்கோ கோயமுத்தூர் ஹாஸ்டலில் தங்கி பிஸிக்ஸ் படிக்க வேண்டும். வேறு நினைப்பே இல்லை.

கடைசி நாளும் வந்தது. பாங்க் மூடுவதற்குள் டி.டி. எடுத்தாக வேண்டும். தினமும் தவறாமல் போய்த் தொலைத்த கரண்ட், அன்றைக்கென்று பார்த்துப் போகவேயில்லை.

"அப்பா, இன்னைக்குத்தானுங்க கடைசி."

"கரண்டு போகட்டும் கண்ணு, கேட்டுப்போடலாம்."

கலைமகளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நேராக மெயின் சுவிட்சிடம் போனாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கீழே இழுத்தாள்.

மிஷின்கள் நின்றன. சாமியப்பன் காலண்டர் முன்னால் கைகட்டி நின்றார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கட்டிங் மாஸ்டர் மூக்கையா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"மொதலாளி, பக்கத்துக் கம்பெனில மிஷின் ஓடுதே. நமக்கு மட்டுந்தான் போயிருக்கு!"

"முருகன் நமக்குன்னு நிறுத்தியிருக்கறானுங்க. பேசாம இருங்க."

பல்லி வெளியே வந்தது. சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. நேரம் போய்க்கொண்டேயிருந்தது. துணி ரோலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கலைமகள் பொறுக்கமாட்டாமல் உதட்டைக் குவித்து, "ப்ச்சு, ப்ச்சு" என்றாள்.

"சொல்லிருச்சு!" சாமியப்பன் குதித்தேவிட்டார்.

மூக்கையா சுவரையே பார்த்தார். "அதெப்புடி மொதலாளி? அது வாய் நெறயப் பூச்சியக் கவ்விக்கிட்டு இருக்கு. வாயத் தொறக்கவே இல்லையே?"

கலைமகள் துணி ரோலுக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டாள்.

"முருகனோட பல்லிங்க, மூக்கையா. அதுக்கு எல்லாம் முடியும். நீங்க போயி மெயினைப் போட்டுட்டு வாங்க."

பாங்குக்குப் போகிற வழியெல்லாம், வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த கலைமகள் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். டி.டி.யை அவள் கையில் கொடுத்தபோது சாமியப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த தடவ உதட்டைக் குவிக்காத கண்ணு. நாக்கை மேல ஒட்டி எடுக்கோணும். உங்கம்மாளைக் கட்டலாமான்னு எங்கப்பன் பல்லிகிட்டக் கேட்டப்ப, நான் கதவுக்குப் பின்னால நின்னு அப்பிடித்தான் கத்துனேன்."