தலைகீழான ஒன்றரை மீட்டர்

ஜெர்மனியின் பிரேமன் நகரில் உள்ள எங்கள் கிடங்கில் கோடையிலும் நான்கு டிகிரிதான். கடலடியைத் துளைத்து எடுத்த மண் தூண்களை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, நீளவாக்கில் பிளந்து அடுக்கியிருப்போம். எந்தத் துண்டு எந்தக் கடலில் எந்த ஆழத்திலிருந்து வந்தது என்ற பதிவுகள் எல்லாம் கெசினே ஹார்ம்ஸின் பொறுப்பு.

பிப்ரவரியில் ஒரு நாள், மாணவர்களுக்குக் காட்டவென்று ஒரு துண்டை மேசையில் வைத்தேன். ஏதோ உறுத்தியது.

"கெசினே, இங்க வா. இந்த எரிமலைச் சாம்பலப் பாரு. பெரிய துகள் மேல கெடக்கு, பொடி கீழ கெடக்கு."

"முதல்ல உன் கண்ணாடியத் தொடை, ஃபோல்கெர்ட்."

"தொடச்சாச்சு. கனமானதுதானே முதல்ல முங்கும்?"

அவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அதே இடத்தில் இருபது மீட்டர் தள்ளிப் போட்ட இன்னொரு துளையின் துண்டை எடுத்து வந்தாள். அதில் அதே சாம்பல், பெரிய துகள்கள் அடியில், சரியாக இருந்தது.

பிறகு கப்பலின் பழைய குறிப்பேட்டைத் திறந்தாள். புயல் நாள். மூன்று தூண்கள் அடுத்தடுத்து மேல்தளத்துக்கு வந்திருந்தன. துண்டு இருக்கும் குழாயின் மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு வெள்ளை மூடி என்பது வழக்கம். அன்று மூடி போட்டவரின் கையெழுத்து அவளுடையது. பத்தொன்பது வருடமாகத் துண்டு தலைகீழாகவே பதிவில் இருந்திருக்கிறது.

"நான்தான் மாத்திப் போட்டிருக்கேன்," என்றாள்.

எங்கள் தலைவர் யோர்ன் நல்ல மனிதர். "ஆழ எண்களை மட்டும் சத்தமில்லாம மாத்திடலாமே," என்றார்.

"அப்புறம் பழைய அளவையும் புதுசையும் வச்சுக்கிட்டு எது நெஜம்னு ஒருத்தர் முழிப்பாரு. பழசு அப்படியே இருக்கட்டும். பக்கத்துல திருத்தம், காரணம், தேதி, என் பேரு."

"உங்க பேரு எதுக்கு?"

"மூடி தானாப் போய் மாட்டிக்கலையே, யோர்ன்."

இருநூற்றுப் பன்னிரண்டு அளவுகளின் ஆழத்தையும் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். நான் ஒருமுறை சரிபார்த்தேன். அந்தத் துண்டிலிருந்து ஆய்வுக்காக மண் வாங்கிய நாற்பத்து மூன்று பேருக்கும் கடிதம் எழுதினாள். கீல் நகரத்து டெட்லெஃபிடம் மட்டும், நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டு, தொலைபேசியில் பேசினாள். அந்தத் துண்டின் மண் அடுக்குகளை வைத்து, பண்டைக் காலத்தில் திடீரென ஒரு கடுங்குளிர் வந்ததாகக் கட்டுரை எழுதியவர் அவர்.

"அப்போ அந்தக் குளிர், துண்டு திரும்பினதாலதானா?"

"ஆமா. தப்பு என்னுது."

 

"ஒன்பது வருஷமா காரணம் தேடுறேன்," என்றார் டெட்லெஃப். "பனிப்பாறை மேல பழி போட்டேன், நீரோட்டத்து மேல பழி போட்டேன். உன் மேல போடத் தோணலையே!" அவர் வெடித்துச் சிரித்தார். இவளும் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள்.

இரண்டு பேர் கோபமாகப் பதில் எழுதினார்கள். அவற்றையும் அவள் கோப்பில் சேர்த்தாள். டெட்லெஃப் தன் கட்டுரையைத் திருத்தி வெளியிட்டார்.

ஜூலையில் மண் கேட்டு அவரிடமிருந்து புதிய விண்ணப்பம் வந்தது. குறிப்பு என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: "ஆழங்களை நான் சரிபார்க்கவில்லை. கெசினே பார்த்திருப்பார்."

"சோம்பேறி," என்றாள் அவள். காது மடல் சிவந்திருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு, அவர் கேட்ட துண்டுகளை எடுக்கக் குளிருக்குள் போனாள்.