வெள்ளை டை

"அறிவிப்புல உங்க பேரை எப்படிப் போடறது, ஹோல்கெர்?" என்று லோவிசா தொலைபேசியில் கேட்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படியே செய்ங்க. என்னால சிரமம் வேணாம்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

நான்கு நாள் கழித்து ஊர்ப் பத்திரிகையில் சோல்வெயின் மரண அறிவிப்பு வந்தது. மேலே சிலுவைக்குப் பதில் ஒரு பூவாளிப் படம். கீழே மகள் லோவிசா, மருமகன், இரண்டு பேத்திகள், தங்கை. கடைசியில் 'மற்ற உறவினரும் நண்பர்களும்'. பதினான்கு வருடம் சோல்வெயின் துணையாக இருந்த ஹோல்கெர், அந்தக் கடைசி வரிக்குள் எங்கேயோ இருந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அடக்கம். இன்று புதன். அவர் பார்த்துக்கொள்ளும் பள்ளித் தோட்டத்தில் காலையிலேயே நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து கடைசிக் கேரட்டுகளைப் பிடுங்கி, தங்கள் பெயர் எழுதிய குச்சிகளை உருவிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். டேலியாக் கிழங்குகள் பெட்டியில் ஏறிவிட்டன. ருபார்ப் செடிகளின் மேல் குளிருக்குச் சருகு போட்டாகிவிட்டது. உறைந்து வெடிக்குமுன் தண்ணீர்ப் பீப்பாயையும் கவிழ்த்துவிட்டார். வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் நேற்றுக் கொத்திய பாத்தியையே மறுபடி கொத்திக்கொண்டிருந்தார்.

வீட்டில் நாற்காலி முதுகில் இரண்டு டைகள் தொங்கின. அந்த ஊர் வழக்கப்படி அடக்கத்துக்கு, செத்தவரின் நெருங்கிய உறவான ஆண்கள் வெள்ளை கட்டுவார்கள், மற்றவர்கள் கறுப்பு. இரண்டையும் இஸ்திரி போட்டு வைத்திருந்தார். காலையில் வெள்ளையை முன்னால் எடுத்துப் போடுவார், காபி குடித்து முடிப்பதற்குள் கறுப்பு முன்னால் வந்துவிடும்.

கேட்காமல் இருப்பது அவருக்குப் பழகிய தொழில். கோடையெல்லாம் இருவரும் தினமும் இந்தத் தோட்டத்தில்தான். பாத்திகள் மூடியதும் அவள் அவள் வீட்டுக்கு, அவர் அவர் வீட்டுக்கு. சனிக்கிழமை மட்டும் சேர்ந்து சாப்பாடு. ஒவ்வொரு அக்டோபரிலும், இந்தக் குளிருக்கு என் வீட்டில் இரேன் என்று சொல்ல வாயெடுப்பார். அவளுக்குத் தன் வீடுதான் பிரியம், எதற்கு நெருக்குவது என்று விட்டுவிடுவார். "உங்கிட்ட ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள ருபார்ப் பூத்துடும்" என்று அவள் கேலி செய்வாள்.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் ஆயிற்று. பூண்டு நட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் பின்னாலேயே காரில் போனார். வாசலில் நர்ஸ், நீங்கள் யார் என்று கேட்டாள். "ஸ்கூல் தோட்டத்துல ஒண்ணா வேலை பாக்கறோம்" என்று வாயில் வந்துவிட்டது. நடைவழியில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். அரை மணி நேரம். கதவுக்கு அந்தப் பக்கம் சோல்வெய் தனியாகப் போய்ச் சேர்ந்தாள்.

மூன்று மணிக்கு லோவிசா வந்தாள். அம்மாவின் ரப்பர் பூட்ஸையும் கெட்டிலையும் கொட்டகையிலிருந்து எடுத்துப் போக வந்ததாகச் சொன்னாள். பூக்கடைக்காரர் சவப்பெட்டி மேல் வெள்ளை ரோஜா வைக்கச் சொல்கிறாராம், அம்மா பார்த்தால் சிரிப்பாளாம். அதற்குப் பதில் வைக்க இங்கே ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

"கேல் கீரை இருக்கு. லீக் வெங்காயம் இருக்கு. ஒரு பூசணி."

"பூசணிய வெச்சா பெட்டி தாங்குமா?"

"சூப்புக்கு ஆச்சுன்னு சந்தோஷப்படுவா."

லோவிசா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேல் இலைகளை ஒடிக்கத் தொடங்கினாள். அவர் லீக்கைத் தோண்டிக் கொடுத்தார்.

"அறிவிப்புல உங்க பேரு வரல," என்றாள் அவள், இலைகளைப் பார்த்தபடியே. "எழுதி, அடிச்சு, மறுபடி எழுதினேன். அம்மா எப்பவும் சொல்வாங்க, ஹோல்கெர் யாருக்கும் கட்டுப்படாதவரு, குடும்பம் அது இதுன்னு இழுத்தா ஓடிடுவாருன்னு. நீங்களும் சிரமம் வேணாம்னுட்டீங்க. சரி, தொல்லை பண்ணக்கூடாதுன்னு விட்டுட்டேன்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். ஓடிவிடுவாராமே. சோல்வெயும் கேட்கப் பயந்துதான் இருந்திருக்கிறாள். பதினான்கு குளிர்காலம், இரண்டு வீட்டிலும் தனித்தனியாக விறகு எரிந்திருக்கிறது.

அதனால் என்ன, பரவாயில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

லோவிசா பூட்ஸையும் கெட்டிலையும் ஒரு கையில் தூக்கி, கீரையும் லீக்கும் சேர்ந்த கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். இப்போதெல்லாம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, சின்னவளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். வேலிக் கதவு வரை போய்விட்டாள்.

"லோவிசா."

திரும்பினாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணு வேணும். வெள்ளிக்கிழம சர்ச்சுல, உங்ககூட முன் பெஞ்சுல நானும் உக்காரணும்."