கலும்பாங் செந்நாய் வேலி

போன ஆண்டு ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கலும்பாங்கை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் நாலு மீட்டர் உயரக் கம்பிவேலி ஒன்று தானாக எழும்பி, உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்த யூஜினியாவை ஏழு செந்நாய்களோடு சேர்த்து அடைத்துவிட்டது. வேலியைப் போட்டவர் அவளுடைய கணவர் கிளாரன்ஸ். அவர் அப்போது வீட்டுக் கூடத்தில், ஒரு காலை முக்காலியில் நீட்டியபடி, மடிக்கணினியில் மிருகக்காட்சிசாலை கட்டும் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார்.

கிளாரன்ஸ் இருபத்திரண்டு வருடம் லோரி ஓட்டியவர். சுங்கை சோவில் லோரி கவிழ்ந்து வலது காலில் கம்பி வைத்த பிறகு, எட்டு மாதமாக ஜன்னலையும் கணினியையும் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. விளையாட்டில் யானைக்கும் புலிக்கும் இடம் கட்டி முடித்துச் செந்நாய்க்குக் கட்டத் தொடங்கியபோது, மாதிரிக்கு வேறு இடம் தோன்றாமல், ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததையே ஒன்றுவிடாமல் வைத்தார்: பதினெட்டுச் செம்பனை, ஒரு வாய்க்கால், ஒரு பெரிய பாறை, துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி. நாய்கள் மண்ணைத் தோண்டித் தப்பிவிடும் என்று விளையாட்டு எச்சரித்ததால் வேலியைத் தரைக்குள்ளும் ஒரு மீட்டர் இறக்கினார். பிறகு ஏழு நாய்களையும் விட்டு, பெயர் யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"என்னங்க, இங்க நாயிங்க வந்து நிக்குது. குலைக்கல, விசிலடிக்குது."

"என்ன நாயி?"

"செவப்பா இருக்கு, வாலு மட்டும் கறுப்பு. நான் பாறை மேல ஏறிட்டேன். சுத்தி வேலி போட்டிருக்காங்க, கதவையே காணோம் லா!"

கிளாரன்ஸ் ஜன்னலுக்கு வெளியே கம்பிவேலி நிற்பதைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். பாறை மேல், பூப்போட்ட சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக, விரல் நீளப் பெண் ஒருத்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மேல் சொடுக்கினார். மற்ற விலங்குகளுக்கு வருவது போலவே ஒரு கட்டம் திறந்தது. பெயர் யூஜினியா, பெண், வயது ஐம்பத்தொன்று. பசிக்கோடு பச்சை, தாகம் மஞ்சள், பயம் சிவப்பு. தனிமை என்ற கோடும் சிவப்பாகவே இருந்தது. பயம் சிவப்பானது அன்று பத்தரை மணிக்கு. தனிமை சிவப்பாகிப் பதினோரு வருடம் என்று அடியில் தேதியோடு போட்டிருந்தது. கிளாரன்ஸ் தாய்லாந்து எல்லைவரை லோரி ஓட்டத் தொடங்கியது அந்த வருடத்தில்தான். பாறை மேல் அவளைக் கண்டதைவிட அந்தத் தேதியைப் படித்தபோதுதான் அதிகம் பயந்ததாக அவர் பின்னால், தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் மகேந்திரனிடம் சொன்னார்.

அவர் கட்டத்தைப் படித்து முடிப்பதற்குள் மகேந்திரன் மோட்டார் சைக்கிளில் வேலியைச் சுற்றிவிட்டு ஜன்னலுக்கு வந்து, "கட்டர் வச்சா கட்டர்தான் உடையுது அண்ணே!" என்று கத்தினார். விளையாட்டையே மூடிவிடலாமா என்று கிளாரன்ஸ் நினைத்தார். மூடினால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று தெரியாததால் விரலை எடுத்துக்கொண்டார். வேலியை அழித்தால் நாய்கள் வீடுகளுக்கு வந்துவிடும். பராமரிப்பாளர் நுழைவதற்கான கதவு ஒன்றை வேலியில் வைக்கப் பார்த்தார். விலங்குகள் அருகில் இருப்பதாகச் சொல்லி விளையாட்டு மறுத்தது. கடைசியில் தீவனப் பட்டியலிலிருந்து ஓர் ஆட்டை எடுத்துத் தொட்டிக்கு அப்பால் போட்டார். தோட்டத்தில் தோலுரித்த முழு ஆடு வானத்திலிருந்து விழுந்தது. செந்நாய்கள் விசிலடித்தபடி அங்கே ஓடின. கிளாரன்ஸ் மறுபடி கதவை வைத்தார், இந்தத் தடவை வேலியில் அது வந்து நின்றது.

"யூஜி, வலது பக்கம் கதவு வந்திருக்கு பாரு. ஓடு!"

"உங்க வலதா, என் வலதா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? தொட்டி இல்லாத பக்கம்!"

யூஜினியா ஓடவில்லை. பழச் சாக்கையும் எடுத்துக்கொண்டு நடந்தே வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு வீடு சேர்ந்தாள். கிளாரன்ஸ் எழ முயன்று, முடியாமல், "பதினோரு வருஷமா யூஜி?" என்றுதான் கேட்டார். அவள் பூட்ஸைக் கழற்றாமலே திரைக்குக் குனிந்து தன்னைப் பற்றிய கட்டத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"தாகம்னும்தான் போட்டிருக்கு," என்றாள். "மொதல்ல தண்ணி குடிச்சிக்கிறேன்."

பிறகு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு மாலை நாலு மணிவரை பேசினாள். என்ன பேசினாள் என்பதைக் கிளாரன்ஸ் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று வீட்டில் உலை வைக்கவில்லை என்பது மட்டும் ஊருக்குத் தெரியும்.

வனவிலங்கு அதிகாரிகள் மூன்று தடவை வந்து படம் எடுத்துக்கொண்டு, எந்தப் பாரத்தை நிரப்புவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். பராமரிப்பாளர் பெயரை விளையாட்டு கேட்டபோது யூஜினியா தன் பெயரையே போடச் சொன்னாள். மின்சாரம் தடைப்பட்டு மடிக்கணினியின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் நாய்கள் பாய்ந்த நிலையிலேயே அந்தரத்தில் நின்றுவிடும். பழக்கப்பட்ட தோட்டக்காரர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பதில்லை. மார்ச் மாதம் பெண் நாய் குட்டி போட்டது. திரையில் ஆறு, பொந்தில் எட்டு. கிளாரன்ஸ் கோலை ஊன்றிக்கொண்டு தோட்டத்துக்கே போய் இரண்டு தடவை எண்ணினார். கணினிக்குத் தெரியாத அந்த இரண்டுக்கும் வேலி ஒரு பொருட்டே இல்லை, கம்பிக்குள் புகுந்து இஷ்டம்போல் வந்து போகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் யூஜினியாவின் பின்னாலேயே கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சுக்கடியில் சுருண்டுகொள்கின்றன. அவை படுத்து அடங்கியதைப் பார்த்த பிறகுதான் ஃபாதர் பூசையைத் தொடங்குகிறார்.