மூன்று விசைக்கும் ஒரே எண்

ஆய்வுக்கூடத்தில் தாளில் கணக்குப் போடுவது மச்சான் வேலை. கருவியில் அளப்பது மாப்பிள்ளை வேலை. ஒரே தங்கையைக் கட்டிக்கொடுத்த பாவத்துக்கு, இயக்குநரின் கையைக் காலைப் பிடித்து அந்த வேலையை வாங்கிக்கொடுத்தவரும் மச்சான்தான். இப்போது மாப்பிள்ளை தந்த அறிக்கையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

லேசர் ஒளியால் ஆன பரவளைவுக் கிண்ணம். அதற்குள் இரண்டே அணுக்கள். அவை ஒன்றையொன்று தள்ளும் விசையைக் காந்தத்தால் கூட்டலாம், குறைக்கலாம். கிண்ணத்தை லேசாகத் தட்டிவிட்டால் ஜோடி எவ்வளவு வேகமாக ஆடுகிறது? மூன்று விசைகளில் அளந்ததாகச் சொன்னார் மாப்பிள்ளை. மூன்றிலும் ஒரே எண்.

ஒரு தடவை அளந்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் அதையே எழுதிவிட்டுத் தூங்கியிருப்பார். கல்யாண போட்டோவிலேயே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிற மனிதர் ஆயிற்றே! அம்பலமானால் வேலை போகும், தங்கை குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். இயக்குநருக்கு வேறு ஏற்கெனவே மூக்கில் வேர்த்துவிட்டது.

"என் கண்ணு முன்னாடி அளங்க மாப்பிள்ளை."

"நம்பிக்கை இல்லையா மச்சான்?"

"இல்லை" என்று பட்டென்று சொன்னார் மச்சான்.

விசையைக் கூட்டி, மாலைவரை கருவியை ஓட்டினார்கள். அதே எண். மச்சானே காந்தத்தின் திருகைப் பிடித்து விசையை உச்சத்துக்கு ஏற்றினார். அப்போதும் அதே எண்.

கருவி மேலேயே சந்தேகம் வந்து, மச்சான் பேனாவை எடுத்தார். அணுக்களின் குவாண்டம் சமன்பாட்டை இரண்டாகப் பிரித்தார்: ஜோடியின் நடுப்புள்ளி ஒன்று, இடைவெளி ஒன்று. தள்ளும் விசை இடைவெளிப் பகுதியோடு நின்றுவிட்டது. தட்டுவது நடுப்புள்ளியை மட்டும்தான் ஆட்டும். உள்ளே எவ்வளவு முட்டி மோதினாலும் அந்த ஆட்டத்தின் வேகம் மாறாது. பாலபாடம்! சந்தேகத்தில் அதுகூட மறந்துபோயிருந்தது. வெட்கத்தில் அவருக்கு முகம் சுட்டது.

"மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை. எந்த விசையில அளந்தாலும் இந்த எண்தான் வரும்."

"அப்பாடா!" மாப்பிள்ளை பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "மூணுக்கும் அதேதான் வரும்னு யாரு கண்டா!"

மச்சானுக்குச் சுருக்கென்றது. மூன்றையும் அளந்தவர் கேட்கிற கேள்வியா இது?

போன் அடித்தது. இயக்குநர்.

"எண் சரியா வருதா?"

"வருது சார்."

"அப்போ உங்க மாப்பிள்ளைய நம்பலாம்னு சொல்றீங்க?"

மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"எண்ணை நம்பலாம் சார்" என்றார் மச்சான்.