வாசலில் ஒரு கூண்டுக் கம்பம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் கடல் வைத்த மறுநாள், துறைமுக அலுவலகத்திலிருந்து எபனேசர் என்பவர் வந்து, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதற்கான கம்பத்தை வாசலில் நட்டார். ஒரு வீட்டில் நூறு குடத்துக்கு மேல் கடல் இருந்தால் அது கரையோர வீடு. கரையோர வீட்டுக்குக் கம்பம் உண்டு. எங்களுடையது நூற்றுப் பதினைந்து குடம்.

திருச்செங்கோட்டில் எங்கள் தெருவுக்கு இதுதான் முதல் கம்பம். பக்கத்து வீட்டுப் பாவாயி அக்கா இடுப்பில் கை வைத்து அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏஞ்சலேத்து, இதுல கொடி கட்டித் துணி காயப் போட்டுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"கூண்டு ஏறாத நாளில் போட்டுக்கிடலாம்மா" என்றார் எபனேசர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என் ஊர்ப் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. மோர் கொடுத்து அனுப்பினேன்.

நான் அழகுக்காகக் கடல் வைத்தவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில வீடுகளில் சோபாவுக்குப் பொருத்தமாக மீன் வாங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சமாச்சாரம் வேறு. நான் கடல் வைத்தது என் வீட்டுக்காரர் திரும்பி வருவதற்கு.

என் ஊர் சிலுவைத்துறை. அங்கே ஆண்கள் விடிவதற்குள் கடலுக்குப் போவார்கள். நடுப்பகலுக்குள் கரைக்கு வந்துவிடுவார்கள். எங்கள் அம்மா பொழுதைப் பார்த்து உலை வைப்பாள். சோறு வெந்து வடிக்கும்போது அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டிருப்பார். ஆண் என்றால் மத்தியானத்துக்கு வந்துவிடுகிறவன் என்றுதான் எனக்கு இருபத்து மூன்று வயதுவரை தெரியும்.

சென்னியப்பன் எங்கள் ஊருக்குக் கோயில் வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு போட ரிக் வண்டியோடு வந்தவர். இருநூறு அடியில் உப்புத் தண்ணீர் வந்தது. கடற்கரையில் வேறென்ன வரும்? ஊரில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இவர்தான் வீடு வீடாகப் போய், "மன்னிச்சுக்குங்க, நல்ல தண்ணி எடுத்துக் குடுக்க முடியலீங்க" என்று சொன்னார். எங்கள் வீட்டு வாசலில் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. தண்ணீருக்காக ஒரு ஆம்பிளை குரல் உடைவதை நான் அதுவரை பார்த்ததில்லை. அதிலே விழுந்தவள்தான்.

கல்யாணம் ஆகி எட்டு வருஷம். சேர்ந்து இருந்த நாளை எல்லாம் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. பொங்கல் முடிந்ததும் வண்டி மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்பும். அங்கே மழை பிடித்து, தரை சேறாகி, வண்டி நகர முடியாமல் போனால்தான் வருவார். பொங்கலுக்கு இருக்கிற நாலு நாளையும் சேர்த்து வருஷத்தில் நாற்பது நாள். வரும்போது தெருமுனையில் இரண்டு தரம் ஹாரன் அடிப்பார். உலை வை என்று அர்த்தம். அந்த இரண்டு ஹாரனுக்காக வருஷம் முழுக்கக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருக்கிற பொழப்பு.

இந்தத் தையில் போனவர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். முதலாளி பாறைப் பூமியாகப் பார்த்து வேலை பிடித்துவிட்டாராம். மழை பெய்தாலும் சேறாகாது.

"இந்த வருசம் மழைக்கும் வர முடியாது போல இருக்குது அம்மிணி" என்றார்.

"அப்ப எப்பத்தான் வருவிய?"

 பின்னால் கம்ப்ரஸர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போனை வைத்துவிட்டு யோசித்தேன். கடல் உள்ள வீட்டின் ஆண் நடுப்பகலுக்குள் கரை திரும்ப வேண்டும். வீட்டில் கடல் இல்லாதது என் குறை. அவரைச் சொல்லி என்ன?

ஈரோட்டிலிருந்து மயில்சாமியை வரவழைத்தேன். உப்புத் தண்ணீர்த் தொட்டி கட்டுவதில் கைதேர்ந்தவர். எட்டடி நீளம், மூன்றடி அகலம், கட்டைவிரல் பருமனில் கண்ணாடி. அடியில் வெள்ளை மணல், அதன்மேல் பாறைகள், நுரை பிரிக்கிற கருவி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு அலை மோட்டார். தண்ணீரை என் தம்பி டேங்கர் லாரியில் கொண்டுவந்தான். சிலுவைத்துறையில் ஊர்க் கமிட்டி கூடி, வடக்குப் பக்கத்துத் தண்ணீரைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ததாம். மாப்பிள்ளை கிணறு போட்டது அந்தப் பக்கம், அந்தத் தண்ணீருக்குத்தான் அவரை அடையாளம் தெரியும் என்றார்களாம்.

"தண்ணி பழுக்கோணுங்க்கா" என்றார் மயில்சாமி. "ஆறு வாரம் ஆவும். அதுக்கு முந்தி எதை உட்டாலும் தங்காது."

ஆறு வாரமும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதலில் பாறை முழுக்கப் பழுப்பாகப் பாசி படர்ந்தது. பிறகு அது போய்ப் பச்சை வந்தது. பிறகு அதுவும் போய், ஒரு நாள் காலையில் தண்ணீர் சுத்தமாகத் தெளிந்து எங்கள் ஊர் வாசனை அடித்தது. நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் எழும் ஏற்றம், இரண்டு தரம் வடியும் வற்றம். ஏற்றத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கூடத்தில் ஒரு முழம் வரும். அந்த இடத்தில் பழைய புடவையை விரித்துக் கரை வைத்துக்கொண்டேன்.

மீன்கள் விட்டோம். இரண்டு ஆரஞ்சு, ஒரு மஞ்சள், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சின்னது ஒன்று. கோட்டு மீனுக்கு வால் கொஞ்சம் கிழிந்திருந்தது. மாற்றித் தருகிறேன் என்றார் மயில்சாமி. வேண்டாம் என்றேன், வந்ததைத் திருப்பி அனுப்புகிற வீடு இல்லை இது. சித்திரையில் தடைக்காலம் தொடங்கியதும் எபனேசர் வந்து, மீன் பிடிக்கிற கைவலையை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டுப் போனார்.

தினமும் பதினோரு மணிக்கு உலை வைத்தேன். பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். ஒரு மாதம் இரண்டு பேர் சோற்றை ஒருத்தியாகத் தின்றேன். அவர் வரவில்லை.

எபனேசரிடம் கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் எதுவழியாப் போனார்மா?" என்றார்.

"லாரியிலதான்."

"அப்ப ரோட்டுவழி போனவர். கடல்வழி போனவரைத்தாம்மா கடல் திருப்பிக் கொடுக்கும்."

 கடற்கரையில் பிறந்தவள், இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அவரைத் தையிலேயே கடல் வழியாக அனுப்பியிருக்க வேண்டும். வெறும் பந்தாவாகத் தொட்டி கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குத் தொட்டி விளிம்பில் நெற்றியை வைத்து, மனசு ஆறும்வரை அழுதேன். அவர் வேண்டும் எனக்கு. வேறு ஒன்றும் வேண்டாம்.

மறுநாள் மயில்சாமி மாதப் பரிசோதனைக்கு வந்தார். கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்.

"உப்பு ஏறியிருக்குதுங்க. அழுதீங்களாக்கா?"

"கொஞ்சம்."

"ஒரு குடம் நல்ல தண்ணி ஊத்திருங்க. செரியாப் போயிரும்."

ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் சென்னியப்பன் போன் செய்தார். தொள்ளாயிரம் அடியில் உப்புத் தண்ணீர் வந்துவிட்டதாம். நிலத்துக்காரர் வண்டியை நகரவிடாமல் சண்டைக்கு நிற்கிறாராம். குரல் உடைந்திருந்தது.

"சேத்தோட ஒரு மீனும் வந்துச்சு அம்மிணி. கறுப்பும் வெள்ளையுமாக் கோடு. வாலு கிழிஞ்சிருக்குது. உங்க ஊருப் பக்கத்து மீனாட்டத் தெரியுது."

தொட்டியைப் பார்த்தேன். கோட்டு மீன் இல்லை. இடது மூலை மணலில் சொம்பு வாய் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. தண்ணீர் அதில் இறங்கவில்லை. கடல் ஓட்டைக்கெல்லாம் இறங்காது.

"அது நம்ம மீன்தான்" என்றேன். "குழாயிலேயே திருப்பி விடுங்க."

கால் மணி நேரத்தில் மீன் வந்து, பாறைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. எபனேசர் வந்து ஓட்டையை அளந்தார். ஆறரை அங்குலம். அதைத் துறை என்று நோட்டில் பதிந்து, பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி குத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் போனில் பேசவில்லை. வற்றத்தில் நான் தேங்காய்ச் சில்லும் கருவாடும் பொட்டலம் கட்டி அனுப்புவேன். ஏற்றத்தில் அவர் இலந்தைப் பழம் அனுப்புவார். ஒரு தரம் தன் அழுக்குச் சட்டையை அனுப்பினார். துவைக்கத்தான் அனுப்பினார், நான் நான்கு நாள் துவைக்கவில்லை.

ஒரு நடுப்பகலில் கையைத் தோள்வரை அந்த ஓட்டைக்குள் விட்டேன். முதலில் குளிர்ந்த தண்ணீர். பிறகு வெதுவெதுப்பு. பிறகு ஒரு விரல். ரிக் ராடு நசுக்கி நுனி தட்டையாகிப்போன அவருடைய ஆள்காட்டி விரல் அது. உலகத்தில் எங்கே தொட்டாலும் எனக்குத் தெரியும். தொள்ளாயிரம் அடி என்பது துளை போடும்போதுதான் தூரம். வற்றம் வரும்வரை இரண்டு பேரும் விடவில்லை. கையை எடுத்தபோது விரலெல்லாம் சுருங்கி, நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அன்றைக்குச் சோற்றை இடது கையால்தான் தின்றேன்.

வியாழக்கிழமை ஏற்றத்தில் ஒரு சீட்டு வந்தது. 'உப்புத் தண்ணி என்பதால் இந்தக் குழியை நாளை பகல் பன்னிரண்டுக்கு மூடி போட்டு அடைக்க முதலாளி சொல்லிவிட்டார். வண்டி ஒடிசா போகிறது. ஆறரை அங்குலத்தில் நான் எப்படி வருவது அம்மிணி?'

சீட்டை எடுத்துக்கொண்டு எபனேசரிடம் ஓடினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"பத்தாம் எண் கூண்டு ஏறிட்டா, வெளியே இருக்கிற ஆளெல்லாம் பக்கத்துத் துறைக்குள்ளே வந்தாகணும்மா. எந்தத் துறையும் இடமில்லைன்னு சொல்லக்கூடாது. எவ்வளவு பெரிசு வந்தாலும் வாங்கிக்கிடணும்."

"அப்ப ஏத்துங்க."

"புயல் வேணும்லா?"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மயில்சாமி நான்கு அலை மோட்டாரையும் முழு வேகத்தில் திருப்பினார். நான் கூரை மின்விசிறியை ஐந்தில் வைத்தேன். எபனேசர் காற்றுமானியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இது மூணாம் எண்ணுக்குத்தான் காணும்" என்றார். பாவாயி அக்கா ஓடிப் போய்த் தன் வீட்டு மேசை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்காரரும் அதே வண்டியில்தான் இருக்கிறார். அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. எங்கள் தெருவில் ரிக் வண்டிக்கு ஆள் அனுப்பாத வீடு ஏது? இருபத்தேழு மின்விசிறிகள். நல்லவேளை, கரண்ட் போகவில்லை. காலண்டர் பறந்தது, கதவு அடித்துக்கொண்டது, கடல் எழும்பிக் கூரையைத் தொட்டுவிட்டு விழுந்தது.

"பத்து" என்றார் எபனேசர். வெளியே போய்த் துணிகளை எடுக்கச் சொல்லிவிட்டுக் கூண்டை ஏற்றினார். பதினொன்று நாற்பது.

முதலில் ஓட்டையிலிருந்து பாவாயி அக்காவின் வீட்டுக்காரர் வந்தார், தோளில் துண்டோடு. "சோறு ஆச்சா?" என்று கேட்டார். "மொதல்ல தலையத் தொவட்டுங்க" என்றாள் பாவாயி அக்கா. சொல்லும்போதே அவள் முகம் கோணிக்கொண்டு போய்விட்டது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக மூன்று பேர் ஏறி வந்தார்கள். அவரவர் வீட்டார் வந்து கூட்டிப் போனார்கள். பதினொன்று ஐம்பத்தைந்து. ஓட்டையில் கோட்டு மீன் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"இவுக எங்கே?" என்றேன்.

பாவாயி அக்காவின் வீட்டுக்காரர் தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவரு வண்டிய உட்டுப்போட்டு வரமாட்டேங்கறாருங். மூடி போடற ஆளு வந்து பக்கத்துல நிக்கறான்."

எட்டு வருஷமாக அந்த வண்டிதான் எனக்குச் சக்களத்தி. வருஷத்தில் பத்து மாதத்துக்கு மேல் அவரை வைத்துக்கொண்டது அது. மிச்ச நாளில் வாசலில் நின்று எட்டிப் பார்த்ததும் அது. அது அங்கேயே துருப்பிடித்து நிற்கட்டும் என்று எத்தனை தரம் வேண்டியிருப்பேன். இப்போது கண்ணாடி விளிம்பைப் பிடித்து, தலையைத் தண்ணீருக்குள் விட்டு, ஓட்டைக்கு நேராகக் கத்தினேன்.

"அதையும் கூட்டிக்கிட்டு வாங்க!"

தலையை வெளியே எடுத்தேன். மின்விசிறிகளின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பாவாயி அக்கா ஒவ்வொன்றாக நிறுத்தினாள். கூடம் அமைதியானது. மணலுக்கடியில் இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. மீன்கள் விலகி வழி விட்டன.

இரண்டு தரம் ஹாரன் கேட்டது.

எபனேசர் நோட்டில் 'கனரக வாகனம் ஒன்று' என்று எழுதிக்கொண்டார். பாவாயி அக்காவின் வீட்டுக்காரர் கூடத்துச் சுவரை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி வெளிய போக இந்தப் பக்கம் இடிச்சாப் போதுமுங்" என்றார்.

நான் உலை வைக்கப் போனேன்.