மூன்றாம் மாடி நாற்காலி

பிளாஸ்டிக் நாற்காலி சரிப்படாது என்று முதலில் சொன்னவன் பெரியவன்தான். வாயால் சொல்லவில்லை; அவனுக்கு அப்போது அவ்வளவு பாஷை வராது. நாற்காலியின் காலை ஆட்டிக் காட்டி, உதட்டைப் பிதுக்கிவிட்டு, வீட்டுக்குள் கிடந்த கைவைத்த மர நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். கட்டட வேலையில் உயரத்தில் நிற்கும்போது இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பட்டையை அதில் குறுக்கே இழுத்துக் கட்டினான். படி இறங்க முடியாத வெல்டரின் மனைவி அதில் உட்கார்ந்தாள். அவனும் கூட வந்த மூவருமாக, முன்கால்களை இருவரும் முதுகை இருவரும் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து செவ்வாயும் சனியும் அவள் அப்படித்தான் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி டயாலிசிஸுக்குப் போனாள். சிகிச்சை மதியமே முடிந்துவிடும். அவர்கள் வேலை விட்டு வரும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்து, சாயங்காலம் அப்படித்தான் ஏறினாள். லிஃப்டுக்கு இடம் விட்டுக் கட்டிய கட்டடம்தான். அந்த இடத்தில் உடைந்த சைக்கிள்கள் கிடந்தன.

நேர் கீழே இரண்டாம் மாடியில், ஒரே வீட்டில் எட்டுப் பேராக இருந்த வெளிநாட்டுக்காரர்கள் அவர்கள். வாயில் நுழையாத பெயர்களோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, தூக்க வந்த நான்கு பேருக்கும் அவளே பெயர் வைத்துவிட்டாள்: பெரியவன், நெட்டையன், சிரிப்பன், சின்னவன். தன்னை அத்தை என்றும் வெல்டரை மாமா என்றும் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தாள். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் நாற்காலியைச் சாய்க்க வேண்டியிருக்கும். அங்கே நால்வரும் ஒரே குரலில் "அத்தை, மெதுவா!" என்பார்கள், ஏதோ அவள்தான் ஓடுகிற மாதிரி. ஒவ்வொரு முறையும் அவள் சிரிப்பாள். அந்த வீட்டில் அவள் சிரிக்க வேறு காரணம் அதிகம் இல்லை.

வெல்டர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இனிமேல் வருவதைக் கேட்டால் அப்படித் தோன்றாது. பஸ் பாடி கட்டும் பட்டறையில் கண்ணையும் நுரையீரலையும் கொடுத்து உழைத்தவர். சம்பளம் கேட்டு வாயைத் திறந்தபோதெல்லாம் முதலாளி ஒரே பதிலை வைத்திருந்தார். "வெளியாளுங்களுக்குக் கதவ முழுசாத் தொறக்கப் போறாங்களாம். பாதிச் சம்பளத்துக்கு வந்து நிப்பான். நீ இருக்கறத வச்சுக்க." வெளிநாட்டு ஆட்களை இன்னும் தாராளமாக வேலைக்கு விடும் அந்தச் சட்டம் அப்போது வருவதாகவும் வராததாகவும் பேச்சு. டீக்கடையில் அதுதான், பஸ்ஸில் அதுதான், சலூனில் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டும் அதுதான். வெல்டருக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் பொய் ஒன்றும் இல்லை.

பட்டறை வாசலில் டிவிக்காரப் பெண் அவர் முன் மைக்கை நீட்டினாள். "வெளிநாட்டு ஆளுங்கள நம்ம நாட்டுல வேலைக்கு விடலாமா? நீங்க என்ன நெனைக்கிறீங்க, அண்ணே?"

அதுவரை அவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் அவரைக் கேட்டதே கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டார். மனதில் இரண்டு விஷயம் இருந்தது. முதலாவதைச் சொன்னார்.

"நம்ம வேலைய நாம பாத்துக்க மாட்டமா? நமக்கென்ன கையில்லையா, காலில்லையா?"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எவனோ விசிலடித்தான். இரண்டாவது விஷயம், வந்திருக்கிற பையன்களும் நல்ல பையன்கள்தான் என்பது, நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் கைதட்டல் என்பது கேட்டுப் பழகாதவன் காதில் விழக் கூடாத ஒன்று. உச்சி குளிர்ந்துபோய், அவர் குரலை இன்னும் ஒரு படி ஏற்றினார்.

"வந்தவனெல்லாம் மூட்டையக் கட்டட்டும்!"

மறுநாள் காலைக்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது. பட்டறையில் 'தலைவரே' என்றார்கள். டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. அக்காவை வந்து பார்த்தே வெகுகாலமான மச்சான், ஃபோனில் கத்தினான். "மாமா, கலக்கிட்டீங்க! என் ஆஃபீஸ் பூரா உங்க வீடியோதான்!" அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்க அவனுக்கு மறந்துவிட்டது.

அவளும் பார்த்திருந்தாள். வெல்டர் சட்டையைக் கழற்றி மாட்டும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"நம்ம பசங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியா?"

"சொன்னேன். அவனுங்க வெட்டிட்டானுங்க."

அவள் அவர் கையைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது அவர் கை தானாகக் காதுக்குப் போகும். இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அது தெரியாதா? சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை கட்டடத்துச் சங்கச் செயலாளர் எல்லாரையும் வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டினார். எட்டுப் பேர் குளிக்கிற தண்ணீர், எட்டுப் பேர் சமைக்கிற வாசனை, எட்டுப் பேர் செருப்பு. வயசுப் பெண்கள் உள்ள கட்டடம் என்று ஒருவர் ஆரம்பித்தார்; அவர் வீட்டில் இருந்தது இரண்டும் ஆண்பிள்ளைகள். "நம்ம வெல்டர் அண்ணனே டிவில பளிச்சுனு சொல்லிட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் செயலாளர். கூட்டத்தில் சிலர் ஓரக்கண்ணால் வெல்டரைப் பார்த்தார்கள். அந்த நாற்காலி இறங்கும்போதும் ஏறும்போதும் சுவரோடு ஒட்டி வழிவிட்டவர்கள்தான் அத்தனை பேரும். ஒருவர்கூட அதைப் பேசவில்லை. அதைப் பேச வேண்டியவர் அவர்தான் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

"நீங்க சொல்லுங்கண்ணே."

'என் வீட்டுக்காரிய அவங்கதான் தூக்கறாங்க.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னால் கையும் காலும் என்னவாயிற்று என்று எவனாவது கேட்பான். வெல்டர் மென்று விழுங்கினார்.

"பொதுவா எல்லாரும் என்ன முடிவு பண்றீங்களோ, நானும் அதுதான்."

இந்த முறையும் கைதட்டினார்கள். அவருக்கு இந்தத் தடவை ஒன்றும் குளிரவில்லை. வீட்டுச் சொந்தக்காரருக்குச் செயலாளர் அங்கேயே ஃபோன் போட்டார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் காலி. ஊருக்கு வெளியே, கட்டட வேலை நடக்கிற இடத்திலேயே தகரக் கொட்டகையில் போட்டுவிடுவதாகக் காண்ட்ராக்டர் ஒப்புக்கொண்டாராம்.

சனிக்கிழமை காலை வெல்டர் விடிவதற்கு முன்பே எழுந்து, யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தபடி கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். வழக்கமான நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. நான்கு பேரும் நின்றிருந்தார்கள்.

வராமல் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவர்களோ எப்போதும்போலச் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து நாற்காலியைச் சரிசெய்தார்கள். சிரிப்பன் சிரிக்கவில்லை. இரண்டாம் மாடியைக் கடக்கும்போது திறந்திருந்த கதவு வழியாகச் சுருட்டிக் கட்டிய பாய்களும், கயிறு போட்ட பாத்திர மூட்டையும் தெரிந்தன. வெல்டர் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி இறங்கினார். திருப்பத்தில், "அத்தை, மெதுவா" என்றான் பெரியவன். அவன் மட்டும்தான் சொன்னான்.

ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்தபின் அவள் அவன் கையை விடவில்லை.

"சாயங்காலம்?"

"சாயங்காலம் வேன் வருது, அத்தை."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது. அவனைப் பிடித்திருந்த கையை எடுக்க மனமில்லாமல் இன்னொரு கையால், ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த அந்தக் கையால், துடைத்தாள்.

பெரியவன் நாற்காலியை மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். பட்டையை அவிழ்க்கவில்லை. வெல்டரைக் கூப்பிட்டுக் கொக்கியைக் காட்டினான்.

"இது இருக்கட்டும். இங்க இறுக்கணும், சார்."

சார். இதுவரை மாமா என்றே கூப்பிட்டவன். "நான் வேற மாதிரிதான்பா சொன்னேன். டிவில வெட்டிட்டானுங்க" என்றார். கை காதுக்குப் போயிருந்தது. மேஸ்திரி எது சொன்னாலும் தலையாட்டுவானே, அப்படித் தலையாட்டினான் பெரியவன்.

"சரி, சார்."

சாயங்காலம் ஆட்டோ திரும்பியபோது வேன் போய்விட்டிருந்தது. இரண்டாம் மாடி ஜன்னல்கள் திறந்து கிடந்தன. ரத்தம் சுத்தமான நாளில் அவள் உடம்பு பிழிந்துபோட்ட துணிபோல ஆகிவிடும். வெல்டரும் ஆட்டோக்காரருமாக அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆட்டோக்காரர் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். அடுத்த சவாரி இருக்கிறது என்று கிளம்பினார்.

செயலாளர் வந்தார். "அடடா, எனக்கு டிஸ்க்கு விலகியிருக்குண்ணே. குனியவே கூடாதுன்னுட்டார் டாக்டர்." வயசுப் பெண்களுக்காகக் கவலைப்பட்டவரின் இரண்டு பிள்ளைகளும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து மேலே போனார்கள். தலைவரே என்ற பட்டறைக்காரர்களில் ஒருவன் ஊரில் இல்லை, இன்னொருவன் ஃபோனை எடுக்கவில்லை. மச்சான் எடுத்தான். "இன்னிக்கா மாமா? மொதல்லயே சொல்லியிருந்தா..." ஆளாளுக்கு ஒரு இடுப்பு, ஆளாளுக்கு ஒரு வேலை. முதல் மாடிக்காரர் மட்டும் இரக்கப்பட்டு வந்து முன்கால்களைப் பிடித்தார். நான்காம் படியில் நாற்காலி ஒரு பக்கமாகச் சரிந்தது, அவள் அலறினாள். மறுபடி கீழே கொண்டுவந்து வைத்தார்கள். "ஆம்புலன்ஸ்காரங்களக் கேட்டுப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே அவரும் போய்விட்டார்.

வெல்டர் அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஏறிக்க. நான் தூக்கறேன்."

"எந்திரிங்க. விழுந்தா ரெண்டு பேருமா கெடக்கணும்."

எழுந்திருக்க அவருக்குக் கைப்பிடி தேவைப்பட்டது. அவள் கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். கீழ்ப்படியில் அவர் உட்கார்ந்தார்.

மேலே எந்த வீட்டிலோ கதவு திறந்தது. யாரோ யாருக்கோ ஃபோனில் எதையோ போட்டுக் காட்டினார்கள். அந்தக் குரல் வெல்டருக்கு முதலில் யாருடையதென்று பிடிபடவில்லை. மூன்று மாடிச் சுவர்களிலும் மோதி, திருப்பங்களில் தயங்காமல், அது படியிறங்கி வந்தது.

"நமக்கென்ன கையில்லையா, காலில்லையா?"

பின்னாலேயே கைதட்டலும் இறங்கி வந்தது. அவள் கண்ணைத் திறக்காமல், "பட்டைய இறுக்குங்க, சரியுது" என்றாள். வெல்டர் கொக்கியைத் தேடினார். காலையில் அவன் காட்டிய இடம்தான். விரல்களுக்கு அது அகப்படவில்லை.